சுண்ணாம்பு காத்த சித்திரங்கள்

திருப்பூரில் இருந்துகொண்டு வண்ணத்தைப் பற்றிப் பேசுவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். நொய்யற்கரையில் வாழும் எங்கள் மக்களுக்குச் சாயத்தின் குணத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பனியன் துணி ஒன்றைக் கையில் வாங்கி, ஈர விரலால் இருமுறை தேய்த்துப் பார்த்து, "இது நிற்கும், இது ஓடும்" என்று சொல்லிவிடுவார்கள். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது துணியில் ஏறும் வண்ணம் அன்று. சுவரில் ஏறும் வண்ணம். அதிலும் கத்தோலிக்கத் திருக்கோயில்களின் சுவரிலும் விதானத்திலும் எழுதப்பட்ட சித்திரங்கள். சாயப்பட்டறைகளுக்கு நடுவே முப்பத்தைந்து ஆண்டுகள் வரலாறு கற்பித்தவனுக்கு இவ்விரண்டும் அயலார் அல்லர், அண்டை வீட்டார்.

எங்கள் வட்டாரத்தில் கத்தோலிக்க சமயத்துக்கு நெடிய வரலாறு உண்டு. சோமனூரை அடுத்த கருமத்தம்பட்டியில் செபமாலை மாதா கோயில் இருக்கிறது. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், தெ பிரெசில்லாக் என்னும் பிரெஞ்சுக் குரு ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது அந்த ஊரில்தான். பின்னாளில் அவர் 1856-இல் ஆப்பிரிக்க மறைபணிச் சபையை நிறுவி, 1859-இல் சியேரா லியோன் நாட்டில் கொள்ளைக் காய்ச்சலுக்கு இரையானார். இத்தகைய பழமை இருந்தும், கோயிற் சுவர் முழுதும் சித்திரமாய் விரிந்த பெருங்காட்சியை நான் காண வேண்டியிருந்தபோது பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேலைக் கடற்கரைக்குச் செல்லவே நேர்ந்தது. எங்கள் ஊர் இருப்புப்பாதை அவ்வழியே செல்வது ஒரு நற்பேறு. மாலையில் வண்டி ஏறினால் மறுநாட் காலையில் மங்களூரில் இறங்கலாம்.

மங்களூரில் புனித அலோஷியஸ் கல்லூரி 1880-இல் தொடங்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்னதாகவே, 1878-ஆம் ஆண்டின் கடைசி நாளில், இத்தாலிய சேசு சபையார் அந்நகரில் வந்து இறங்கியிருந்தனர். அலோஷியஸ் என்ற பெயர் நம்மவர் பலருக்கு அந்நியமாகத் தோன்றலாம். தமிழ்க் கத்தோலிக்கர் அவரை ஞானப்பிரகாசியார் என்பர்; ஊர்தோறும் ஒரு ஞானப்பிரகாசம் இருப்பது அவரால்தான். 1568-இல் இத்தாலியில் கஸ்திலியோனே என்னும் ஊரை ஆண்ட பிரபுவின் தலைமகனாய்ப் பிறந்தவர் அவர். பட்டத்துக்குரிய உரிமையைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்துச் சேசு சபையிற் சேர்ந்தார். 1591-இல் உரோமாபுரியில் கொள்ளை நோய் பரவியபோது, நோயாளருக்குப் பணி செய்து, தாமும் நோயுற்று, இருபத்து மூன்றாம் வயதில் இறந்தார். மாணவர்க்குக் காவலர் என்று கொண்டாடப்படுபவர். கல்லூரிச் சிற்றாலயத்தின் விதான நடுவில் அவர் வாழ்க்கை வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. விதானம் இருபுறமும் சரியும் இடங்களில் அப்போஸ்தலர்கள் நிற்கின்றனர். இயேசு பெருமான் சிறுவர் நடுவே இருக்கும் காட்சியும் உண்டு. ஆசிரியனாகிய என் கண் அங்கேதான் நெடுநேரம் நின்றது.

இவற்றை எழுதியவர் அந்தோனியோ மொஸ்கேனி. வட இத்தாலியில் பெர்காமோ நகரை அடுத்த ஸ்டெசானோ என்னும் சிற்றூரில் 1854-இல் பிறந்தவர். பெர்காமோவின் கர்ராரா கலைக்கழகத்தில் ஓவியம் பயின்று, பின்னர் உரோமாபுரிக்குச் சென்று பழைய பேரோவியங்களைக் கண்டு தேர்ந்தவர். 1889-இல், முப்பத்தைந்தாம் வயதில், சேசு சபையில் சகோதரராகச் சேர்ந்தார். குருவாக அன்று, சகோதரராக. அச்சபையில் சகோதரர் என்போர் பூசை வைப்பதில்லை. சமையல், தச்சு, தோட்டம், தையல் போன்ற கைத்தொழில்களால் சபைக்குப் பணி செய்பவர்கள். மொஸ்கேனிக்கு வாய்த்த கைத்தொழில் தூரிகை. அவருக்கு இருநூறு ஆண்டு முன்னர் அந்திரேயா போட்ஸோ என்ற மற்றொரு சேசு சபைச் சகோதரர், உரோமாபுரி புனித இஞ்ஞாசியார் கோயிலின் தட்டையான கூரையில், உள்ளே குடைந்து மேலே எழும் கோபுரம் ஒன்று இருப்பதாகவே கண்ணை நம்பவைக்கும் ஓவியம் எழுதினார். ஞானப்பிரகாசியாரின் உடல் வைக்கப்பட்டிருப்பதும் அதே கோயிலில்தான். ஆகவே, மங்களூரில் ஏணி ஏறிய மொஸ்கேனி வெறுங்கையோடு வரவில்லை. ஒரு குலத்தொழிலின் வாரிசாக வந்தார். 1899 முதல் 1901 வரை அந்தச் சிற்றாலயத்தில் உழைத்தார். ஈரச் சுண்ணத்தின்மேல் நேரே எழுதியதும் உண்டு; கித்தான் துணியில் எண்ணெய் வண்ணம் கொண்டு எழுதியதும் உண்டு.

இங்கே ஒரு மாணவனை நினைத்துக்கொள்கிறேன். பள்ளிச் சுற்றுலாவாக மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். மற்றவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகன் மட்டும் சுவரோரம் சென்று, கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, மூக்கு படும் தூரத்தில் நின்று பார்த்தான். பிறகு என்னிடம் வந்து கேட்டான்: "சார், இதுக்கு என்னங்க ஃபிக்ஸிங் போட்டிருப்பாங்க?"

சித்திரத்தின் அழகைப் பற்றி நூல் எழுதியோர் பலர் இக்கேள்வியைக் கேட்பதில்லை. கடலோரத்து ஊர், ஆனி தொடங்கினால் மூன்று மாதம் ஓயாத மழை, உப்புக் காற்று. அங்கே நூறு ஆண்டுக்கு மேலாக அந்த நிறம் எப்படி நின்றது? பருத்தி நூலில் சாயம் ஏற்றும்போது சோடா இட்டுச் சாயத்தை இழையோடு பிணைக்கிறார்கள். சுவரில் பிணைப்பது எது?

விடை சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டுச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி நீறாத சுண்ணாம்பு கிடைக்கிறது. நீர் விட்டால் அது கொதித்து நீறுகிறது. அதனை மணலோடு குழைத்துச் சுவரிற் பூசியபின், காற்றில் உள்ள கரியமில வாயுவை அது மெல்ல மெல்லத் திரும்ப உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. பூச்சு ஈரமாய் இருக்கும்போதே, பசையோ எண்ணெயோ கலவாமல், நீரிற் கரைத்த வண்ணப் பொடியைத் தூரிகையால் தீட்டினால், அந்தப் பொடியையும் உள்ளே வைத்துக்கொண்டு சுண்ணாம்பு கல்லாகி மூடிக்கொள்ளும். வண்ணம் சுவரின்மேல் ஒட்டியிருப்பதன்று. சுவரின் தோலாகவே ஆகிவிடுவது. இத்தாலியர் இதனை ஃபிரெஸ்கோ என்பர். 'புத்தீரமானது' என்பது அச்சொல்லின் கருத்து. ஈரம் உலர்வதற்குள் எழுதி முடிக்க வேண்டும் ஆதலின், ஒருநாளில் எழுதக்கூடிய அளவு இடத்துக்கு மட்டுமே அன்றன்று பூச்சுப் பூசுவர். தவறினால் அழித்துத் திருத்த இயலாது; பூச்சையே கொத்தி எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். எல்லா நிறமும் இதற்கு இசைவதும் இல்லை. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்களே நிற்கும்: காவி, மஞ்சட்காவி, பச்சை மண், கரி. பிரஷ்ய நீலம் போன்றவை சுண்ணாம்பு பட்டால் கெட்டொழியும். சாயப்பட்டறையின் மொழியிற் சொன்னால், சுண்ணாம்பே துணி, சுண்ணாம்பே ஃபிக்ஸிங். அந்த மாணவனுக்கு இதை இப்படித்தான் விளக்கினேன். அவன், "அப்ப எதிரே வர்ற காத்துதானுங்க சார் வேலை செய்யுது" என்றான். அதைவிடச் சுருக்கமாக நான் எந்நூலிலும் படித்ததில்லை.

கொங்கு நாட்டுக் கொத்தனார்க்கும் சுண்ணாம்பின் அருமை தெரியும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லப் பாகும் விட்டு அரைத்த காரையில் எழும்பிய பழைய வீடுகள் இன்றும் நிற்கின்றன. அதே கடுக்காய், பருத்தியிற் சாயம் நிற்பதற்காகத் துணியை முதலில் தோய்த்தெடுக்கும் பழைய முறையிலும் பயன்பட்டது. சாயக்காரர்க்கும் கொத்தனார்க்கும் ஒரே காய்.

இனி, இந்த ஈரச் சுண்ணக் கலை ஐரோப்பியர் நமக்குக் கொண்டுவந்து கொடுத்தது என்று எண்ணிவிடலாகாது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த சுற்றுப் பாதையில், நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்த சோழர் ஓவியங்களை, 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் உட்பூச்சின் நிறம் தெரிந்தது. பின்னர், சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் அச்சுண்ணத்தையும் வண்ணத்தையும் சோதித்து, சோழர் எழுதியது ஈரச் சுண்ணத்தின்மேல்தான் என்று 1930-களில் நிறுவினார். கி.பி. 1010-ஐ ஒட்டித் தஞ்சைச் சித்திரக்காரன் செய்ததையும், 1900-இல் மங்களூரில் மொஸ்கேனி செய்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒருவன் எழுதியது திரிபுரம் எரித்த ஈசனை. மற்றவர் எழுதியது கொள்ளை நோயாளியைத் தாங்கிய இளந்துறவியை. கையும் கரண்டியும் காலை ஈரமும் இருவர்க்கும் பொது. என் மனத்தில் இவ்விருவரும் ஒரே சாரத்தில் ஏறி நிற்பவர்களாகவே தோன்றுகின்றனர்.

மங்களூரில் முடித்தபின் மொஸ்கேனி சும்மா இருக்கவில்லை. பம்பாயில் திருநாமப் பேராலயத்தின் சுவர்களிலும் அவர் கைவண்ணம் உண்டு. அவர் கடைசியாகச் சென்ற ஊர் கொச்சி.

கோட்டைக் கொச்சியில் உள்ள திருச்சிலுவைக் கோயிலின் வரலாறே தனிக் கதை. போர்த்துகீசியர் எடுப்பித்த பழைய கோயில் 1558-இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. 1663-இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றியபோது கத்தோலிக்கக் கட்டடங்கள் பலவற்றை இடித்தனர். இதனை மட்டும் ஆயுதக் கிடங்காக வைத்துக்கொண்டனர். அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர் 1795-இல் இதையும் தகர்த்தனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின், ஆயர் கோமெஸ் ஃபெரைரா புதுக் கோயிலுக்கு வித்திட்டார். இன்று அங்குள்ள கோயில் அவ்வாறு எழுந்ததே. 1984-இல் அது பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. சிறப்புப் பெயர் எதுவாயினும், சுற்றிலும் வாழும் மீனவரும் கூலித் தொழிலாளரும் நாள்தோறும் வந்து முழந்தாளிடும் பங்குக் கோயிலும் அதுவே. நான் சென்ற ஒரு நண்பகலில், காய்கறிக் கூடையைத் தூணோரம் வைத்துவிட்டு ஒரு மூதாட்டி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே விதானத்தில் சிலுவைப் பாதையின் காட்சிகள்.

அக்கோயிலின் பீடப் பகுதியை மொஸ்கேனியும், மங்களூரைச் சேர்ந்த அவர் மாணவர் டி காமாவும் சித்திரித்தனர். தூண்களிலும் வண்ணம் படர்ந்திருக்கிறது. ஆண்டவருடைய பாடுகளையும் சிலுவை மரணத்தையும் காட்டும் பெரிய கித்தான் ஓவியங்கள் ஏழு இருக்கின்றன. அவற்றுள் இராவுணவுக் காட்சி, மிலான் நகரில் லியோனார்தோ தா வின்சி எழுதிய புகழ்பெற்ற ஓவியத்தைத் தழுவியது. இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. லியோனார்தோ மிலானில் அதனை எழுதியது 1490-களின் இறுதியில். ஈரச் சுண்ணத்தில் எழுதினால் விரைந்து முடிக்க வேண்டும்; அவரோ நின்று நிதானித்து, திருத்தித் திருத்தி எழுதும் இயல்பினர். ஆகவே உலர்ந்த சுவரின்மேல் பசை கலந்த வண்ணத்தால் எழுதினார். பிணைப்பு இல்லாத வண்ணம் அவர் வாழ்ந்த காலத்திலேயே உதிரத் தொடங்கிவிட்டது. 1999-இல் நிறைவுற்ற செப்பனிடும் பணிக்கு இருபது ஆண்டுக்கு மேல் பிடித்தது. உலகத்தின் மிகப் பெரிய ஓவியர்க்கும் சுண்ணாம்பு சலுகை காட்டவில்லை.

கொச்சிக் கோயில் 1905 நவம்பர் 19-ஆம் நாள் அபிஷேகம் செய்யப்பட்டது. அதற்கு நான்கு நாள் முன்னதாக, நவம்பர் 15-ஆம் நாள், மொஸ்கேனி கொச்சியிலேயே காலமானார். அப்போது அவர்க்கு வயது ஐம்பத்தொன்று. தாம் எழுதிய விதானத்தின்கீழ் முதற் பெரும்பூசை நடந்ததை அவர் காணவில்லை. அவர் மாணவரைப் பற்றி வரலாறு இட்டுவைத்தது பெரும்பாலும் பெயர் அளவே. இத்தாலியர் ஒருவரிடம் நேரில் கற்று, பேராலயப் பீடத்தில் அவரோடு சேர்ந்து எழுதிய ஓர் இந்தியக் கை. ஆசிரியரைவிட மாணவரைப் பற்றியே எனக்கு மிகுதியாக அறிய ஆசை. முப்பத்தைந்தாண்டுத் தொழிற்பழக்கம் அப்படி.

கோட்டைக் கொச்சியிலிருந்து சற்று நடந்தால் மட்டாஞ்சேரி அரண்மனை. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னர்க்கு அளித்தது. பின்னர் ஒல்லாந்தர் புதுக்கினர். அதன் பள்ளியறைச் சுவர் முழுதும் இராமாயணம். அவை பூச்சு உலர்ந்தபின், பிசின் கலந்த வண்ணம் கொண்டு கேரள முறையில் எழுதப்பட்டவை. கூட்டமும் நெருக்கமுமாய், இடைவெளி ஒரு விரற்கடையும் விடாமல். காலையில் அதையும் மாலையில் திருச்சிலுவைக் கோயிலையும் பார்ப்பவர்க்கு ஒரு குறை தென்படும். அதை மறைக்க நான் விரும்பவில்லை. மொஸ்கேனியின் மாந்தர் யாவரும் இத்தாலியர். முகம், உடை, கட்டடம், வானம் எல்லாம் அவர் பிறந்த நாட்டவை. கொச்சியின் மீனவனுக்குத் தன் முகம் அந்தச் சுவரில் இல்லை.

இக்குறையை முதலில் உணர்ந்தவர்கள் நாம் எதிர்பார்ப்பவர் அல்லர். 1580-இல் சேசு சபையார் அக்பரின் அரசவைக்குச் சென்றபோது படங்கள் அச்சிட்ட விவிலியத் தொகுதியைக் காணிக்கையாகக் கொண்டு சென்றனர். முகலாய ஓவியர்கள் அப்படங்களைப் பார்த்து எழுதினர். எழுதும்போதே தம் மண்ணின் மரத்தையும் மாடத்தையும் அவற்றிற் சேர்த்துவிட்டனர். ஜஹாங்கீரின் அரண்மனைச் சுவர்களில் இயேசுவும் மரியன்னையும் இடம்பெற்றிருந்தனர். இருபதாம் நூற்றாண்டில் கோவாவைச் சேர்ந்த ஆஞ்செலோ த ஃபொன்சேக்கா தேவமாதாவைச் சேலை உடுத்த இந்தியப் பெண்ணாக எழுதியபோது, பாராட்டைவிட எதிர்ப்பே மிகுதியாக எழுந்தது. அவர் புனேயில் ஓர் ஆசிரமத்தில் தங்கிப் பணி செய்தார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொள்ளவில்லை என்று அறிவித்தபின் காற்றுத் திசை மாறியது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும், முகம் இத்தாலிய முகம் என்பதற்காக அச்சுவர்களை அயலாருடையவை என்று தள்ளுவோர் கட்சியில் நான் சேரமாட்டேன். அச்சுண்ணம் இந்த மண்ணின் காற்றைக் குடித்துக் கல்லானது.

அக்காற்றைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஏறும் ஈரம் அதன் நுண்துளைகள் வழியே வெளியேற வேண்டும். நம் ஊர்களில் திருவிழாவுக்குத் திருவிழா கோயிலைப் புதுப்பிக்கும் ஆர்வம் மிகுதி. முற்காலத்தில் சுண்ணாம்பு நீரால் வெள்ளையடித்தனர். அது சித்திரத்தை மறைத்தாலும் கொல்லவில்லை. இன்று பூசுவது பிளாஸ்டிக் பெயிண்ட். அது சுவரின் வாயைக் கட்டிவிடுகிறது. வெளியேற வழியற்ற ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு உள்ளேயே தேங்கி, பூச்சைக் குமிழாக எழுப்பி, தகடு தகடாய்ப் பெயர்த்துவிடும். பெயரும்போது அடியில் இருந்த பழம்பூச்சையும் கூடவே கொண்டுபோகும். தஞ்சையில் மேலே நாயக்கர் பூசியது சுண்ணாம்பாய் இருந்ததால்தான் சோழனை நாம் மீட்க முடிந்தது. மங்களூர்ச் சிற்றாலயத்தின் ஓவியங்களை 1990-களின் தொடக்கத்தில் இன்டாக் அமைப்பினர் பொறுமையாகத் துடைத்துச் செப்பனிட்டனர். பெரிய கோயில்களுக்கு இப்படிப் புரவலர் கிடைக்கின்றனர். சிற்றூர்க் கோயில்களுக்கு?

எங்கள் ஊருக்குச் சில கல் தொலைவில் ஒரு பங்குக் கோயில் உண்டு. ஊரின் பெயர் வேண்டாம். பீடத்துக்கு மேலுள்ள வளைவில், மழைநீர் இறங்கி வெள்ளை உரிந்த இடத்தில், காவி நிறத்தில் ஒரு கொடியும் இரண்டு இலையும் தெரிகின்றன. பெயர் தெரியாத ஒரு கொத்தனாரோ வண்ணக்காரரோ எழுதியதாக இருக்கலாம். மொஸ்கேனி ஒருநாளும் அங்கே வந்தவர் அல்லர். அக்கொடி எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது, அதன் நடுவே உருவம் ஏதும் உண்டா என்பது வெள்ளைக்கு அடியில் இருக்கிறது. வரும் திருவிழாவுக்குள் பழம்பூச்சைச் சுரண்டிவிட்டுப் பளபளக்கும் பெயிண்ட் பூசுவதென்று பங்கு மக்கள் பணம் திரட்டியிருந்தனர். அவர்கள் அன்பைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. கூலி வேலை செய்து ஈட்டிய காசு அது. பங்குத் தந்தையைக் கண்டு, இரண்டு மணி நேரம் பேசினேன். கூரையின் ஒழுக்கை முதலில் அடைப்பது. வளைவை மட்டும் இப்போதைக்குத் தொடாமல் விடுவது. தேர்ந்தவர் ஒருவரை அழைத்து ஒரு சாண் அளவு இடத்தில் மட்டும் வெள்ளையை நீக்கிப் பார்ப்பது. மற்றச் சுவர்களுக்குச் சுண்ணாம்பையே அடிப்பது என்று முடிவாயிற்று. ஓட்டைப் பிரித்து மாற்றும் வேலை சென்ற வாரம் தொடங்கியிருக்கிறது.